உப்புக்காத்தும் வாடகை வீடும்: திருகோணமலையில சின்னதா ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

கேள்வி, 9 மார்ச் 2024

அக்கா, நான் கட்டார்ல வேலை செய்யிறன். கையில 60 லட்சம் இருக்கு. மிச்சத்துக்கு பேங்க் லோன் போட்டு பாலையூத்துப் பக்கம் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் எண்டு யோசிக்கிறன். 95 லட்சம் சொல்லுறாங்க, வாடகை 30,000 போகுமாம். வாடகை எண்டா மாசாமாசம் சும்மா வாற காசுதானே. நீங்க ரெண்டு வீடு வச்சு விடுறீங்க எண்டு கேள்விப்பட்டன். வாங்கலாமா?

9 மார்ச் 2024, இரவு

சும்மா வாற காசு எண்டு ஒண்டும் இல்ல தம்பி. நான் தாதியா இருந்து பென்சன் எடுத்தனான், உவர்மலையில நாங்க இருக்கிற வீட்டின்ர மேல்மாடி ஒண்டு, அலஸ்தோட்டத்தில ஒரு வீடு ஒண்டு, இது ரெண்டும்தான் என்னட்ட வாடகைக்கு இருக்கு. இருபது வருசமா விடுறன், நைட் டியூட்டி முடிச்சு வந்து படுத்த நேரத்தில "அக்கா மோட்டர் வேலை செய்யேல்ல" எண்டு கேட்டடியில வந்து நிப்பாங்க, அதையும் சேர்த்து எண்ணினா அது சும்மா வந்த காசு இல்ல.

கணக்கைப் பாருங்க. 30,000 வாடகை வருசத்துக்கு 360,000. ஆனா வருசம் எண்டா பன்னிரண்டு மாசம் எண்டு எண்ணாதீங்க, பதினொண்டு எண்டு எண்ணுங்க, ஒரு ஆள் எழும்பி மற்ற ஆள் வர ஒரு மாசம் போகும், அந்த மாசத்திலதான் பெயின்ற் அடிக்கிறதும் பூட்டு மாத்துறதும். அப்ப 330,000. சோலைவரி, தண்ணி மோட்டர், பாத்ரூம் பைப், எல்லாம் போக 270,000 நிண்டா நல்லம். நீங்க எடுக்கப்போற 35 லட்சம் லோனுக்கு 13 வீதம் எண்டு வச்சாலே வருச வட்டி 455,000. வாடகை முழுக்கக் குடுத்தாலும் வட்டிக்கே காணாது, முதல் அப்பிடியே கிடக்கும்.

10 மார்ச் 2024

நேத்து எழுதினது கொஞ்சம் பயப்படுத்தின மாதிரி இருக்கு, படுத்துக்கிடந்து யோசிச்சன். காணி விலை ஏறும் எண்டது உண்மை, அதை நான் கணக்கில போடேல்ல. ஆனா அந்த ஏத்தம் விக்கிற அண்டைக்குத்தான் கைக்கு வரும், எங்கட ஊரில ஆர் வீட்டை விக்கிறது, பிள்ளைக்குச் சீதனமாக் குடுப்பம் இல்லாட்டி பூட்டி வைப்பம். மாசச் செலவுக்கு வாடகை வேணும் எண்டு வாங்கிற ஆளும் இருபது வருசம் கழிச்சுப் பிள்ளைக்கு எண்டு வாங்கிற ஆளும் ஒரே கேள்வியைக் கேக்கக் கூடாது. நீங்க எந்த ஆள் எண்டு முதல்ல உங்களுக்குள்ள முடிவெடுங்க.

14 மார்ச் 2024

உப்புக்காத்தைப் பற்றி எழுதுங்க எண்டு இன்னொரு தம்பி கேட்டிருந்தார். இதை எழுத எனக்கு விருப்பம், ஏனெண்டா இதில நான் பட்டது கொஞ்சம் இல்ல.

அலஸ்தோட்டத்து வீட்டுக்கும் கடலுக்கும் நடந்தா அஞ்சு நிமிசம். 2005 இல கட்டினது. பின்பக்க யன்னலுக்கு மேல ஒரு சின்ன கொங்கிரீட் பலகை நீட்டிக்கொண்டு இருக்கும், சன்சேட். 2016 இல அதின்ர அடியில தலைமயிர் மாதிரி ஒரு கோடு ஓடினது, நான் பெயின்ற் வெடிச்சிருக்கு எண்டு விட்டிட்டன். அடுத்த வருசம் அந்தக் கோட்டுக்குள்ளால தேத்தண்ணி ஊத்தின மாதிரி மண்ணிறத்தில வடிஞ்சிருந்தது. அப்பவும் விட்டிட்டன். 2018 மார்கழியில ஒரு விடியக்காலை, அங்க இருந்த பிள்ளை உடுப்புத் தோய்ச்சுப்போட்டு உள்ள போய் ரெண்டு நிமிசம் இல்லயாம், தட்டு அளவு ஒரு கொங்கிரீட் துண்டு உரிஞ்சு தோய்க்கிற கல்லில விழுந்திருக்கு. நான் போய்ப் பாக்க உள்ள கம்பி தெரியுது, மேசன் பாஸ் அதை விரலால நசுக்கிக் காட்டினார், பத்து மில்லிமீற்றர் கம்பி பிஸ்கட் மாதிரி ஏடு ஏடா உதிர்ந்தது, நடுவில பென்சில் கூர் அளவுதான் இரும்பு மிச்சம்.

காரணம் கடல்காத்து மட்டும் இல்ல. கட்டின காலத்தில கிணத்து உவர்த்தண்ணியிலதான் சீமெந்து குழைச்சது, மணலும் கடற்கரைப் பக்கத்து மணல், கழுவாம போட்டிருக்கிறாங்க. உப்பு உள்ளுக்க போனா கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பை விட ஊதும், ஊதிக் கொங்கிரீட்டைத் தள்ளி வெடிக்க வைக்கும். நீங்க கட்டின வீடு வாங்கிறீங்க எண்டா சுவர்ப் பெயின்ற்றைப் பாக்காதீங்க, அது விக்கிறதுக்கு எண்டு போன கிழமை அடிச்சிருப்பாங்க. சன்சேட்டின்ர அடி, தண்ணித் தாங்கி வைக்கிற தட்டின்ர அடி, பாத்ரூம் சிலாப்பின்ர அடி, இந்த மூண்டையும் ஏணி வச்சு ஏறிப் பாருங்க. புதுசாக் கட்டிறதெண்டா மகாவலி ஆத்து மணலும் பைப் தண்ணியும் எண்டு பாஸிட்ட முதல் நாளே சொல்லுங்க, சொல்லிப்போட்டு நீங்களே பக்கத்தில நில்லுங்க.

அந்தப் பிள்ளை ரெண்டு நிமிசம் பிந்தியிருந்தா எண்டு இப்பவும் நினைக்கிறனான்.

15 மார்ச் 2024

ஏன் 2005 இல அந்த வீட்டைக் கட்டினீங்க எண்டு கேட்டா, எல்லாரும் கட்டினாங்க. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து இறங்கினது, ஒவ்வொண்டுக்கும் ஒபிஸ் வேணும், ஆக்கள் தங்க வீடு வேணும், நாங்க கனவிலயும் நினைக்காத வாடகை குடுத்தாங்க. அப்பிடியே இருக்கும் எண்டு நகையை அடகு வச்சுக் கட்டினன். 2006 ஆடியில மாவிலாறுப் பிரச்சினை தொடங்கினது, மூதூர்ச் சனம் இடம்பெயர்ந்தது, என்ர வீட்டில இருந்த நிறுவனமும் எழும்பிட்டுது. பதினாலு மாசம் வெறுமையாக் கிடந்தது. ஒரு நல்ல வருசத்து வாடகையை வச்சு இருபது வருசக் கணக்குப் போடக் கூடாது எண்டது அந்தப் பதினாலு மாசத்தில நான் படிச்ச பாடம்.

2 ஏப்ரல் 2024

வாடகைக்காரர் காசு தராட்டி என்ன செய்யிறது எண்டு ரெண்டு மூண்டு பேர் கேட்டிருக்கிறீங்க. தராத ஆளைப் பற்றிப் பிறகு எழுதுறன். எனக்கு அதை விடக் கூடக் காசு போனது ஒழுங்காத் தந்த ஆளாலதான்.

மேல்மாடிக்கு 2011 இல மச்சாள் முறையான ஒரு குடும்பம் வந்தது. மாசம் 8,000. தங்கமான ஆக்கள், ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் திகதிக்குள்ள கவரில போட்டுத் தருவாங்க, நானும் எண்ணிப் பாக்கிறதில்ல. 2014 இல கூட்டிக் கேப்பம் எண்டு நினைச்சன், அவங்கட பெரியவள் ஏ.எல் எடுக்கிற வருசம், இப்ப கேக்கக் கூடாது எண்டு விட்டன். 2016 இல அவருக்கு ஒப்பரேசன். 2017 இல சாமத்தியவீடு. ஒவ்வொரு வருசமும் ஒரு காரணம், எல்லாக் காரணமும் நியாயமானது. 2019 இல எழும்பேக்கயும் அதே 8,000. அந்த நேரம் பக்கத்து வீட்டு மேல்மாடி 20,000 போனது.

ஆறு வருசத்தில நான் விட்ட காசைக் கூட்டினா ஒரு பாத்ரூமைப் புதுசாக் கட்டியிருக்கலாம். அவங்களில பிழையே இல்ல, நான் கேக்கேல்ல, அவங்க தரேல்ல. காசு கதைக்க எனக்குக் கூச்சம். ஆஸ்பத்திரியில ஆரையும் அதட்டி ஊசி போடுவன், ஆனா தெரிஞ்ச ஆளிட்ட "வாடகையை ரெண்டாயிரம் கூட்டுவமா" எண்டு கேக்க நாக்கு எழும்பாது. சின்னதா ஒரு வீடு ரெண்டு வீடு வச்சிருக்கிற எங்களுக்கு உப்பை விட, வரியை விட, இந்தக் கூச்சம்தான் பெரிய செலவு எண்டு நான் நினைக்கிறன். பெரிய ஆக்களுக்கு மனேஜர் இருப்பார், அவர் கேப்பார். எங்களுக்கு நாங்களேதான் கேக்கோணும், அதுவும் பின்னேரம் கோயிலடியில சந்திக்கப்போற ஆளிட்ட.

3 ஏப்ரல் 2024

அதுக்கு மருந்து என்ன எண்டு கேக்கிறீங்க. எழுதிறதுதான். வருசா வருசம் இத்தினை வீதம் கூடும் எண்டு முதல் நாளே எழுதி வச்சா பிறகு நாங்க கேக்கத் தேவையில்ல, கடதாசி கேக்கும்.

எழுதிறது எண்டா சும்மா முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைக்கிறது இல்ல. ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டா நொத்தாரிசு முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதினாத்தான் சட்டத்தில நிக்கும், இது இண்டைக்கு நேத்து வந்த சட்டம் இல்ல, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எங்கட ஆக்கள் கடையில ஒரு போர்ம் வாங்கி நிரப்பிப்போட்டு எக்ரிமென்ட் போட்டாச்சு எண்டு நிம்மதியா இருக்கிறாங்க.

எழும்பாத ஆளை எழுப்பக் கோர்ட்டுக்குப் போனா பத்து வருசம் இழுபடும் எண்டு பயப்படாதீங்க எண்டு சொல்ல மாட்டன், டைக் வீதிப் பக்கம் அப்பிடி இழுபட்ட கதைகள் எனக்குத் தெரியும்.

5 ஏப்ரல் 2024

மேல எழுதினதைத் திருத்தோணும். எனக்குக் காணி உறுதி எழுதித் தாற நொத்தாரிசு ஐயாட்ட நேத்துக் கேட்டன். இழுபட்ட கதைகள் கூடுதலா 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள்ள வாற பழைய கடைகள், பழைய வீடுகளாம். அதுக்குள்ள வந்தா வாடகைக்காரரை எழுப்பச் சட்டம் சொன்ன காரணங்களில ஒண்டு இருக்கோணும், பிறகு வந்த திருத்தங்களால கன வீடுகள் அதுக்கு வெளியால வந்திட்டுது. இப்ப 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு வந்திருக்கு, குத்தகை முடிஞ்ச பிறகும் எழும்பாம இருக்கிற ஆளிட்ட இருந்து வீட்டை எடுக்க மாவட்ட நீதிமன்றத்தில சுருக்கமான ஒரு வழி. ஆனா அதுக்கும் ஒழுங்கா எழுதின குத்தகை கையில இருக்கோணும். திரும்பவும் கடதாசியிலதான் வந்து நிக்குது.

அதோட பத்து வருசம் இருந்தா வீடு அவருக்குச் சொந்தம் எண்டு ஒரு கதை எங்கட ஊரில எல்லார் வாயிலயும் இருக்கு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தில பத்து வருசம் எண்டு இருக்கிறது உண்மைதான், ஆனா அது உரிமையாளரை மறுத்து, அவருக்கு எதிரா ஆண்டனுபவிச்ச ஆளுக்கு. மாசாமாசம் வாடகை தாற ஆள் உங்களை உரிமையாளர் எண்டு மாசாமாசம் ஒத்துக்கொள்ளுறார். அதாலதான் ரசீது முக்கியம், வங்கிக் கணக்கில போடச் சொல்லுறது இன்னும் நல்லம். பயப்படவேண்டிய இடம் வேற: வெளிநாட்டுக்குப் போகேக்க "சும்மா இருங்க, வீட்டைப் பாத்துக்கொள்ளுங்க" எண்டு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமத் திறப்பைக் குடுத்திட்டுப் போறது. கட்டார்த் தம்பி, இதை ரெண்டு தரம் வாசியுங்க.

21 மே 2024

சீசன் தொடங்கிட்டுது, உப்புவெளி முழுக்க வெள்ளைக்காரர். மாச வாடகையை விட்டிட்டு நாள் வாடகைக்கு விடலாமா எண்டு கேள்வி. நான் முந்தி ஒரு சீசன் செய்து பாத்தன். மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் நல்லாப் போகும், அதுக்குப் பிறகு வாடைக்காத்தும் மழையும், கடலில ஒருத்தரும் இறங்க மாட்டாங்க, வீடு தை வரைக்கும் பூட்டிக்கிடந்து பூஞ்சணம் பிடிக்கும், மெத்தையைத் தூக்கி எறிஞ்சன். நாள் வாடகை எண்டா நீங்க ஒரு சின்ன ஹோட்டல் நடத்துறீங்க, விரிப்புத் தோய்க்க ஆள், காலமைச் சாப்பாடு, பதிவு, எல்லாம் வேணும். கூட இருந்து பாக்கக்கூடிய ஆளுக்குச் சரி. கட்டார்ல இருந்துகொண்டு ஏலாது.

8 ஜூன் 2024

கரண்ட் பில் பற்றி. 2022 ஆவணியில 75 வீதம், 2023 மாசியில திரும்ப 66 வீதம் எண்டு ஏத்தினாங்களே, அந்த ரெண்டாவது ஏத்தத்தோட மேல்மாடியில இருந்தவர் 38,000 ரூவா பில்லை வச்சிட்டு மாத்தலாகிப் போயிட்டார். கணக்கு என்ர பேரில, கட்டினது நான். மேல ஒண்டு கீழ ஒண்டு குடும்பம் இருந்தா ஒரு சப் மீற்றர் பூட்டுங்க, ஆர் எத்தினை யூனிட் எடுத்தது எண்டு தெரியும், சண்டை வராது. மூவாயிரம் நாலாயிரத்தோட முடியிற வேலை.

11 ஜூன் 2024

சப் மீற்றர் பற்றி நான் எழுதினது அரைவாசிதான் சரி. என்ர மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின்ர விலையும் ஏறுறதுதானே. மேல 80 யூனிட், கீழ 80 யூனிட், தனித்தனிக் கணக்கா இருந்தா ரெண்டு பேரும் கீழ்ப்படியில நிப்பம். ஒரே கணக்கில 160 எண்டு வந்தா ரெண்டு பேரும் மேல்படி விலைக்குப் போயிடுவம். சப் மீற்றர் யூனிட்டைப் பிரிக்கும், விலையைப் பிரிக்காது. மின்சார சபையில மேல்மாடிக்குத் தனி இணைப்பு எடுக்கோணும். நான் ஆடியில விண்ணப்பிக்கப் போறன், தனி வாசல் இருக்கோணும் எண்டு கேப்பாங்க போல, வெளிப்படி எங்களிட்ட ஏற்கனவே இருக்கு.

30 ஜூன் 2024

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகளுக்கு ரூம் விடுறதைப் பற்றி ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. விடுங்க, அந்தப் பிள்ளைகளால எனக்கு ஒரு தீமையும் இல்ல. ஆனா நாலு பேர் எண்டு கதைச்சு ஒன்பது பேர் இருப்பாங்க, ஏனெண்டா ஆளுக்கு எவ்வளவு குறையும் எண்டுதான் அதுகளும் பாக்குது, வீட்டில இருந்து வாற காசு அவ்வளவுதான். நாலு பேருக்குக் கட்டின மலக்குழி ஒன்பது பேருக்குத் தாங்காது, ஆறு மாசத்தில பவுசர் கூப்பிட்டன். ஆள் கணக்குக்கு வாடகை பேசினா ஒளிக்கவேண்டி வராது, எனக்கும் அவங்களுக்கும் நிம்மதி.

19 ஓகஸ்ட் 2024

"அக்கா நீங்க காசு காசு எண்டு எழுதுறீங்க, 2022 இல சனம் சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டது, அப்பவும் வாடகை கேட்டீங்களா" எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி.

கேக்கேல்ல. அலஸ்தோட்டத்தில அப்ப இருந்தவர் ஓட்டோ ஓடுறவர். பெற்றோல் இல்ல, செட்டில ரெண்டு நாள் வரிசையில நிண்டு வெறும் டாங்கோட திரும்பி வருவார், கைப்பிள்ளை வேற. வைகாசி தொடக்கம் அஞ்சு மாசம் நான் வாயே திறக்கேல்ல. அவர் கொப்பி ஒண்டில எழுதி வச்சிருந்தார், நான் கேக்காமலே. 2023 இல கொஞ்சம் கொஞ்சமாத் தந்தார், மிச்சத்துக்குப் பின்வேலி முழுக்கப் புதுசா அடிச்சுத் தந்தார், கடைசியில எனக்குத்தான் அவருக்குக் குடுக்க இருந்த மாதிரி. அந்த அஞ்சு மாசத்தைப் பற்றி எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்ல.

மச்சாளிட்டக் கேக்காததும் ஓட்டோக்காரரிட்டக் கேக்காததும் ஒண்டு இல்ல எண்டு இப்ப எழுதேக்கதான் விளங்குது. முதலாவது கூச்சம். மற்றது நான் பாத்து, யோசிச்சு, விட்டது. ஆனா இதையும் சொல்லோணும், எனக்குப் பென்சன் இருந்ததாலதான் விட ஏலுமா இருந்தது. மாறுற வட்டிக்கு லோன் எடுத்து வீடு வாங்கின ஒருத்தரை எனக்குத் தெரியும், அந்த வருசம் அவருக்குத் தவணைக்காசு ஏறிக்கொண்டே போனது, அவரும் வாடகைக்காரரை விட விரும்பின ஆள்தான், ஏலாமப் போச்சு, எழுப்பினார். அதால லோன் எடுக்கிறதெண்டா ஆறு மாச வாடகையும் ஒரு பெரிய திருத்த வேலைக்கான காசும் தொடாமக் கிடக்கோணும். அது இல்லாட்டி இரக்கப்படவும் வழியிருக்காது.

4 ஒக்டோபர் 2024

கட்டார்த் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார், வேற ஒரு வீடு கிடைச்சிருக்காம், 55 லட்சம்தானாம், லோனே தேவையில்லயாம். சந்தோசப்பட்டு வாசிச்சுக்கொண்டு போனன், கடைசி வரியில "உறுதி இல்ல, பேமிட் இருக்கு" எண்டு கிடக்கு.

தம்பி, நில்லுங்க. பேமிட் காணி எண்டா அரச காணி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ குடியிருக்கவும் பயிர் செய்யவும் குடுத்தது. அதை நினைச்ச மாதிரி விக்கவோ குத்தகைக்கு விடவோ ஏலாது, பிரதேச செயலகத்துக்குத் தெரியாம எழுதுற கடதாசிக்குப் பெறுமதி இல்ல. விலை குறைவா இருக்கிறதுக்குக் காரணமே அதுதான். அட்வான்ஸ் குடுக்க முதல் பிரதேச செயலகக் காணிக் கிளையில ஒரு ஆளை விட்டுக் கேளுங்க, உறுதிக் காணி எண்டாலும் காணிப் பதிவகத்தில முப்பது வருசத்துக்குப் பின்னோக்கித் தேடிப் பாருங்க. எங்கட மாவட்டத்தில 1990 இல விட்டிட்டு ஓடின வீடுகள் எத்தினை, ஆர் பேரில ஆர் இருக்கிறாங்க எண்டு வெளியால பாத்துச் சொல்ல ஏலாது. அப்பிடி இழந்தவங்களுக்காக 2016 இல ஒரு சிறப்புச் சட்டமும் கொண்டுவந்தது, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரைக்கும் உள்ள காலத்தை அந்தப் பத்து வருச ஆண்டனுபவிப்புக் கணக்கில சேர்க்கக் கூடாது எண்டு. அப்பிடி ஒரு காணியை நீங்க தெரியாம வாங்கினா ரெண்டு குடும்பம் அழும்.

6 ஒக்டோபர் 2024

வரி பற்றி முந்தி ஒருத்தருக்கு "வாடகையில 10 வீதம் பிடிச்சுத்தான் தருவாங்க" எண்டு பதில் போட்டனான், பிழை. அந்தப் பிடிப்பு மாசம் 100,000க்கு மேல வாடகை வாற ஆக்களுக்கு. எங்கட 30,000க்கு இல்ல. ஆனா வாடகை வருமானம் எண்டு வருச வருமானத்தில காட்டத்தான் வேணும், இந்த 2024/25 வரி வருசத்தில மற்ற வருமானமும் சேர்த்து 12 லட்சத்துக்கு மேல போனாத்தான் வரி, வாடகையில 25 வீதத்தைத் திருத்தச் செலவுக்கு எண்டு கழிக்க விடுறாங்க, அதைக் கன பேர் எடுக்கிறதில்ல.

12 ஜனவரி 2025

கன நாளா எழுதேல்ல. மழை, அலஸ்தோட்டத்து வீட்டுக் கூரையில ரெண்டு ஓடு போய் உள்ள தண்ணி, பாஸைத் தேடிப் பிடிக்கவே மூண்டு கிழமை.

தம்பி அந்தப் பேமிட் வீட்டை விட்டிட்டார். சாம்பல்தீவுப் பக்கம் உறுதிக் காணி எட்டுப் பேர்ச் வாங்கியிருக்கிறார், வீடு பிறகு கட்டுவாராம், லோன் இல்ல. மணல் பற்றி மட்டும் மூண்டு தரம் போன் எடுத்துக் கேட்டார்.

5 பெப்ரவரி 2025

மேல்மாடிக்குத் தனி கரண்ட் இணைப்பு வந்திட்டுது. போன மாசம் புதுசா ஒரு குடும்பமும் வந்திருக்கு, கிண்ணியாவில படிப்பிக்கிற ரீச்சர், புருசன், ரெண்டு பிள்ளைகள். நொத்தாரிசிட்ட எழுதினது, வருசம் 7 வீதம் கூடும் எண்டு உள்ளுக்க இருக்கு, ரீச்சர் வாசிச்சுப்போட்டு "இது நல்லது அன்ரி, எனக்கும் முன்கூட்டியே தெரியும்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் கையெழுத்து வச்சா. எனக்கு எத்தினை வருசம் பயந்தன் எண்டு அழுகை மாதிரி வந்தது.

இண்டைக்கு அஞ்சாம் திகதி. பின்னேரம் வரைக்கும் காசு விழேல்ல. ஆறு மணிக்கு விளக்கேத்திப்போட்டு நானே மேல ஏறிப் போய்க் கேட்டன். சம்பளம் நாளைக்குத்தானாம், காலமை போடுறன் எண்டு சொன்னா. பிள்ளைகளுக்கு மோதகம் குடுத்திட்டு இறங்கி வந்தன்.